உப்புக்காற்றில் 24 படி வோல்யூம் சுவிட்ச்: பாவித்த அனுபவம்

உப்புவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட அம்பிளிபயர் வைத்திருப்பவர்களுக்கு வோல்யூம் குமிழின் கரகரப்பு பழகிப்போன விஷயம். எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி இரவில் சத்தத்தைக் குறைத்துக் கேட்கும்போதுதான் வந்தது. சாதாரண இரட்டைப் பொட்டின் (இரண்டு பக்கத்துக்கும் ஒரே குமிழில் சுழலும் பொட்டென்ஷியோமீற்றர்) அடிப்பகுதியில் இடத்துக்கும் வலத்துக்கும் 2, 3 டெசிபல் வித்தியாசம் வரலாம். பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சரிந்துவிடும். அதனால்தான் ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்) பூட்டிய, படிப்படியாகச் சுழலும் 24 படி ரோட்டரி சுவிட்சுக்கு மாறினேன்.

வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது, அடுத்த முனையைத் தொட்ட பிறகே பழைய முனையை விடும் சுவிட்சா என்பது. முன்னமே விட்டுவிடும் வகை என்றால் ஒவ்வொரு படிக்கும் அம்பிளிபயரின் உள்ளீடு ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும், ஸ்பீக்கரில் 'டக்' என்று அடிக்கும். இரண்டாவது, படிகளின் அளவு. எல்லாமே 2 டெசிபல் என்றால் கடைசி மௌனப் படிக்கு முன்னால் மொத்தம் 44 டெசிபல்தான் குறையும். உணர்திறன் கூடிய ஸ்பீக்கருக்கு நள்ளிரவில் அது போதாது. அடியில் 3, 4 டெசிபல் படிகள் இருப்பதைத் தேடி எடுங்கள். சுவிட்சின் மொத்தத் தடை எனக்கு 20 கிலோ ஓம் சரியாக இருந்தது. 50 கிலோ என்றால் பாதி வோல்டேஜ் நிலையில் வெளியீட்டுத் தடை 12.5 கிலோ ஓம் வரை ஏறும். அதற்குப் பிறகு நீளமான வயர் போட்டால் மேல்சுருதி மங்கும்.

பூட்டுமுன் சோதிக்க ஒரு மல்டிமீற்றர் போதும். என்னுடையது தொடர் வகை, அதாவது ரெசிஸ்டர்கள் வரிசையாகக் கோர்த்தது. உள்ளீட்டுக்கும் தரைக்கும் இடையிலான தடை எந்தப் படியிலும் மாறக்கூடாது. அப்புறம் வெளியீட்டு முனைக்கும் தரைக்கும் இடையே ஒவ்வொரு படியாக இரண்டு பக்கத்தையும் அளந்து, தாளில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். ஒரு படியில் மட்டும் எண் துள்ளினால் அங்கே ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. 1% மெட்டல் ஃபில்ம் ரெசிஸ்டர்களோடு எனக்கு இரண்டு பக்கமும் அடிப்படி வரை ஒத்து வந்தன. சிக்னல் கொடுத்து அளப்பதென்றால் 100 ஹேர்ட்ஸ் போதும்; மலிவான மீற்றர்கள் 1000 ஹேர்ட்ஸில் பிழையாகக் காட்டலாம். சுவிட்சுக்கு வரும் நேர்மின்னோட்ட (DC) மில்லிவோல்ட்டையும் பாருங்கள். அது கசிந்தால் எவ்வளவு நல்ல சுவிட்சும் சத்தம் போடும்.

சில மாரிகாலம் கண்டுவிட்டது. வாடைக்காற்றோடு மழை இறுக்கும் மாதங்களில், அதிகம் தொடாத படிகளில் மட்டும் லேசாகக் கரகரக்கும். முழுவதும் நாலைந்து தரம் சுற்றிவிட்டால் முனைகள் உரசித் துப்புரவாகிவிடும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை உள்ளே விடாதீர்கள், அதில் தூசி வந்து ஒட்டும். முனைகளைத் துப்புரவாக்கும் கொண்டக்ட் கிளீனர் போதும்.

நண்பர் ஒருவரின் அம்பிளிபயரில் ரிலே வகை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்சுகள் வோல்யூமை மாற்றும் வகை இருக்கிறது. 6 ரிலேயில் 64 படி, ரிமோட்டும் உண்டு. மாற்றும்போது 'டிக் டிக்' என்று கேட்கும், விலையும் கூட. ஆனால் மூடிய ரிலே என்பதால் உப்புக்காற்று முனையை எளிதில் எட்டாது. அடுத்த அம்பிளிபயருக்கு நான் அதைத்தான் எடுப்பேன்.