லீவில் வந்து முகத்தில் கத்தி வைக்கும் முன்

மூன்று வார லீவில் வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வந்து, கல்யாணம், கோயில், பேங்க் வேலைகளுக்கு நடுவே மூக்கையோ கண்ணிமையையோ அழகு ஆபரேஷனில் சரிசெய்துகொண்டு திரும்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கவனிப்பில் குறை இருக்காது, வாட்ஸ்அப்பிலேயே ரேட் வந்துவிடும். சிக்கல் தேதிகளில்தான் இருக்கிறது.

மூக்கு அசையாமல் தாங்க மேலே வைக்கும் ஸ்ப்ளின்ட் கவசத்தை ஒரு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். ஆனால் வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம் பிடிக்கும். மூக்கு கோணல் என்பது உறுதியாகும்போது நீங்கள் டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ இருப்பீர்கள். கண்ணிமை ஆபரேஷனில் பயப்பட வேண்டியது முதல் 24 மணி நேரத்துக்கு. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் கடும் வலி வரும், கண் பிதுங்கும், பார்வை மங்கும். சீக்கிரமாக அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வையே போய்விடலாம். ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டால் எந்த டாக்டர் வருவார் என்று பெயரோடும் நம்பரோடும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபில்லர் (குழியையும் சுருக்கத்தையும் நிரப்பும் ஜெல்) ஊசிதானே என்று அலட்சியம் வேண்டாம். அந்த ஜெல் ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் தோல் வெளுக்கும், பிறகு வலைபோல நீலம் படரும். மூக்கிலும் புருவ நடுவிலும் அது பார்வையைப் பறிக்கக்கூடிய ஆபத்து. ஹயலூரானிக் அமில ஃபில்லரைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் மருந்து அதே அறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். "தேவைப்பட்டா வாங்கிக்கலாம்" என்று பதில் வந்தால் அங்கே ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். பெட்டியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பேட்ச் நம்பர் ஸ்டிக்கரில் ஒன்று கேஸ் ஷீட்டில் (உங்கள் சிகிச்சைப் பதிவில்) ஒட்டப்பட வேண்டும், இன்னொன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒன்றுதான் என்றால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன மருந்து எது என்பதற்கு அந்தச் சின்னக் காகிதம்தான் சாட்சி.

போர்டில் இருக்கும் 'காஸ்மெட்டிக் சர்ஜன்' என்பது பட்டம் அல்ல. எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி என்ற மேற்படிப்புப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் சரிபார்க்கலாம்.

சம்மதப் படிவத்தில் காலியிடம் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது, உயிரையோ உடல்நலத்தையோ காக்கும் அவசரம் மட்டுமே விலக்கு என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூக்குக்குச் சம்மதம் வாங்கி மயக்கத்தில் முகவாயிலும் இம்ப்ளான்ட் வைத்தால், அது அழகாகவே அமைந்திருந்தாலும் சட்டப்படி தவறு.

பில் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அழகுக்காக மட்டும் செய்யும் ஆபரேஷனுக்கு ஜி.எஸ்.டி. உண்டு, விபத்துக் காயத்தையோ பிறவிக் குறையையோ சரிசெய்வதற்குக் கிடையாது. அந்த வரியை மிச்சம் பிடிக்க ரொக்கமாகக் கொடுத்து பில் இல்லாமல் வந்தால், பின்னால் தகராறு வரும்போது நுகர்வோர் ஆணையத்தில் பணம் கொடுத்ததையே நிரூபிக்கத் திணற வேண்டும். எந்த ஆணையம் என்பதும் கொடுத்த தொகையை வைத்துத்தான்: 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதிலும் 5 லட்சம் வரை புகார்க் கட்டணமே இல்லை.

அங்கே புகார் கொடுக்கக் கெடு 2 வருஷம். வீக்கம் வடியட்டும் என்று காத்திருப்பதிலேயே பாதி போய்விடும். அதனால் கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, முன்பின் படங்கள் எல்லாவற்றையும் விமானம் ஏறுமுன் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்பது 2002-ன் மருத்துவ நெறிமுறை விதி. மூன்று வருஷம்தான் அவர்கள் அவற்றை வைத்திருக்கக் கடமை.

விளைவு பிடிக்கவில்லை என்பது மட்டும் டாக்டரின் அலட்சியம் ஆகாது. தவறு நடந்தது என்று இன்னொரு பிளாஸ்டிக் சர்ஜனின் எழுத்துபூர்வக் கருத்து இருந்தால் வழக்கு வலுப்படும். போலீஸ் புகார் கடினமான வழி. 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி அங்கே கடும் அலட்சியம் காட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்தே நடத்துவதானால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தை ஊரில் அண்ணன் தம்பிக்கு அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும்.