ஆண்டிக் பெயர் போட்ட பழைய சிலாங்கூர் ஜெர்சி: வாங்கலாமா?

மலேசியாவின் சிலாங்கூர் காற்பந்து அணி ஜெர்சி, பண்டில் கடையில், அதாவது பழைய துணிக் கடையில் எடுத்தது, 60 ரிங்கிட். பழைய ஜெர்சிக்கு அந்த விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் முதுகில் இந்தோனேசிய வீரர் ஆண்டிக்கின் பெயரைப் பார்த்த பிறகு பேரம் பேச மனம் வரவில்லை. துணி நன்றாகவே இருக்கிறது, சிவப்பு வெளுக்கவில்லை, தையலும் பிரியவில்லை. குறை எல்லாம் அச்சில்தான்: பெயரின் கடைசி எழுத்து நகம் பட்டாலே உரிகிறது, மற்ற எழுத்துகளில் பொடிப்பொடியாக வெடிப்பு, யாரோ மேலேயே இஸ்திரி போட்டிருக்கிறார்கள். இதற்கு 'புதுசு மாதிரி' என்று சீட்டு வேறு.

எம் சைஸ் என்றார்கள், போட்டால் எஸ். ஆண்டிக் வெர்மன்ஸாவுக்கு இதுவே தாராளம், ஆள் 162 செ.மீ. தான். இந்தோனேசியாவின் ஜெம்பரில் பிறந்து, சுராபாயாவின் பெர்செபாயா அணியில் வளர்ந்த விங்கர், அதாவது ஓரத்தில் ஓடி ஆடுபவர். 2011 நவம்பரில் அமெரிக்காவின் எல்.ஏ. கேலக்ஸி அணி ஜகார்த்தாவுக்கு வந்து ஆடிய ஆட்டத்தில் இவரை நிறுத்த, அந்த அணியில் இருந்த பெக்காமே முரட்டுத்தனமாக ஃபவுல் செய்ய வேண்டியிருந்தது, ஆட்டம் முடிந்ததும் இருவரும் சட்டை மாற்றிக்கொண்டார்கள். இந்தோனேசியாவில் இன்றும் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்தச் சட்டையில்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அது பெரிதில்லை.

2014இல் சிலாங்கூருக்கு வந்தார், நான்கு சீசன் ஆடினார். 2015இல் ஃபிஃபா தடையால் இந்தோனேசியக் காற்பந்தே முடங்கிக் கிடந்தபோது இவர் இங்கே ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தார், அந்த வருடம்தான் ஷா ஆலாமில் கெடாவை 2-0 என்று வென்று சிலாங்கூர் 33ஆவது முறையாக மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. அவருடைய நல்ல காலம் இதுதான் என்பேன், அவர் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி.

தேசிய அணியில் அதிர்ஷ்டம் அவ்வளவாக இல்லை. தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான ஏஎஃப்எஃப் கிண்ணத்தில் 2012இலும் 2016இலும் சிங்கப்பூருக்கு எதிராக கோல் போட்டார். ஆனால் 2016 இறுதியில் தாய்லாந்துடனான முதல் ஆட்டத்தில் சீக்கிரமே காயம்பட்டு வெளியேறினார், பாங்காக்கில் அவர் இல்லாமல் 2-0 தோல்வி, கிண்ணம் போயிற்று. 2018இல் கெடா அணி, அப்புறம் இந்தோனேசியா திரும்பி மதுரா யுனைடெட் அணி.

சரி, ஜெர்சி. சட்டகம் போட்டு மாட்டத்தான் என்றால் வேறு பாருங்கள், அச்சு தாங்காது. போட்டுக்கொண்டு மேட்ச் பார்க்க என்றால் 40 ரிங்கிட் வரை கொடுக்கலாம், ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், உள்பக்கம் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் கையால் துவையுங்கள்.