காரைக்குடி பக்கம் கேரவனுக்கு டயர் சென்சார் மாட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கேரவனோ டெம்போ டிராவலரோ, பின்னால் ஜெனரேட்டர் டிரெய்லர் இழுக்கிற வேறு எந்த வண்டியோ வைத்திருப்பவர்கள் டயர் காற்றழுத்தம் காட்டுகிற சென்சார் செட் வாங்கும்போது என்னைப் போல ஏமாறக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஆனால் அங்கே என்ன செய்தார்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை எந்த ஊர்க் கடையிலும் செய்ய முடியும்.

என்னுடையது சின்ன லாரி சேஸ் மேல் கட்டிய கேரவன். கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் ஷூட்டிங்குக்குப் போகும், சிங்கப்பூர் மலேசியாவில் இருந்து வந்து பூர்வீக வீட்டில் அறுபதாங்கல்யாணம் வைக்கிறவர்களும் கூப்பிடுவார்கள். நானேதான் ஓட்டுகிறேன். முன்னால் 2 டயர், பின்னால் ஜோடி ஜோடியாக 4, ஜெனரேட்டர் டிரெய்லரில் 2.

ஜோடி டயரில் உள்பக்கத்து டயர் இறங்கினால் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, பக்கத்து டயர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு பேர் சுமக்க வேண்டியதை ஒருவன் சுமக்க, அதுவும் சூடேறும், இறங்கிய டயர் மடிந்து மடிந்து அதைவிட அதிகமாகச் சூடேறும், இப்படியே தீப்பிடித்த வண்டிகள் உண்டு. டிரெய்லர் இன்னும் மோசம். டயர் கிழிந்து ரிம்மில் ஓடினாலும் ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியாது. என் டிரெய்லரில் டீசல் டேங்க் வேறு இருக்கிறது. அதனால்தான் சென்சார் போட முடிவு செய்தேன்.

கடையில் கேட்டது 18,500 ரூபாய். வால்வு மூடிக்குப் பதில் திருகுகிற சென்சார் 8, டிஸ்ப்ளே 1, ரிப்பீட்டர் 1, டிரெய்லர் சக்கரத்துக்கு மெட்டல் வால்வு 2, மாட்டுக்கூலி. "அண்ணே, இது ஹெவி வண்டிக்குன்னே வர்ற செட்டு, நீங்க போட்டுட்டு மறந்துடலாம்" என்றான் மாட்டின பையன். கடை வாசலில் டிரெய்லரைக் கழற்றி கேபினுக்குப் பக்கத்திலேயே நிறுத்திக் காட்டினான், 8 டயருக்கும் எண் வந்தது. சிவப்பு லைட் எரிகிற ஒரு டப்பாவை வண்டியின் பின்பக்கம் ஒட்டி, இதுதான் ரிப்பீட்டர் என்றான்.

ரிப்பீட்டர் எதற்கு என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த சென்சார்கள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை, உள்ளே இருப்பது பட்டன் பேட்டரி, சிக்னல் ரொம்ப வீக். காருக்கு அது போதும். கேரவன் நீளம், நடுவில் தகரச் சுவர், அதற்கும் பின்னால் டிரெய்லர் என்றால் கேபின் வரை வந்து சேராது. நடுவில் வாங்கிப் பெருக்கி அனுப்ப ஒரு பெட்டி வேண்டும், அதற்கு வண்டி பேட்டரியில் இருந்து கரண்ட் வேண்டும்.

திருச்சியில் இருந்து திரும்பும்போது திருமயம் தாண்டியதும் பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்து லைட்டையும் போட்டுப் போட்டுக் காட்டினார். ஓரம்கட்டி இறங்கினால் ஒரே கருகல் நாற்றம். டிரெய்லரின் இடது டயர் நார் நாராகக் கிழிந்து ரிம் தார் ரோட்டைத் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. டீசல் டேங்க்கைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. கேபினில் ஏறி டிஸ்ப்ளேவைப் பார்த்தால் அந்த டயருக்கு 62 பிஎஸ்ஐ என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த லாரிக்காரர் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. அவர் யார் எந்த ஊர் என்று கேட்கக்கூட முடியவில்லை, நான் ஒதுங்கியதும் போய்விட்டார்.

மறுநாள் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டினேன். முதலில் அந்தச் சிவப்பு லைட் டப்பாவைத் திறந்தார். உள்ளே பழைய ரிலே (ஹாரன், லைட்டுக்குப் போடுகிற சுவிட்ச்) ஒன்று, ஒரு எல்இடி, இரண்டு வயர். வேறு எதுவும் இல்லை. பார்க் லைட் வயரில் கொடுத்து லைட்டை மட்டும் எரிய விட்டிருக்கிறார்கள். டிரெய்லர் சிக்னல் என் கேபினுக்கு வரவே இல்லை, கடை வாசலில் காட்டினானே, அந்த எண்ணைத்தான் டிஸ்ப்ளே பிடித்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. சிக்னல் போனால் கத்துகிற அலாரம் அந்த டிஸ்ப்ளேயில் இருக்கிறது, செட்டிங்கில் போய் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சிக்னல் வராது என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள்.

அடுத்தது அலாரம் அளவு. என் பின் டயர்களுக்கு 90 பிஎஸ்ஐ பிடிப்போம், குறைந்தால் கத்த வேண்டிய அளவு 26 என்று இருந்தது. அது கார் டயருக்குக் கம்பெனியில் இருந்து வருகிற அளவு. அமெரிக்காவில் 2000-ல் சட்டம் கொண்டுவந்து, பிறகு கார்களுக்கு இந்த டயர் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியபோது, போட வேண்டிய அளவில் 25 சதவீதம் குறைந்தாலே விளக்கு எரிய வேண்டும் என்று வைத்தார்கள். பெரிய மோட்டார் ஹோம்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது, அங்கேயும் நம்மைப் போலத் தனியாக வாங்கித்தான் மாட்டுகிறார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் எனக்கு 67, 68-லேயே கத்தியிருக்க வேண்டும். 26 வரை இறங்கிய பிறகு கத்தி என்ன பிரயோஜனம், அதற்குள் டயர் செத்துவிடும்.

டயர் ஏன் இறங்கியது என்பது மூன்றாவது. மெட்டல் வால்வு என்று காசு வாங்கிவிட்டு டிரெய்லரில் பழைய ரப்பர் வால்வையே விட்டிருந்தார்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். அதன் தலையில் சென்சாரைத் திருகினால் சக்கரம் சுற்றச் சுற்ற அந்த எடை வால்வை வெளிப்பக்கம் இழுத்து, அடியில் வெடிப்பு விடும். கிழிந்த டயரின் வால்வு சிதைந்துபோயிருந்தது, வலது பக்கத்து வால்வை வளைத்துப் பார்த்தால் அடியில் வெடிப்பு, சோப்புத் தண்ணி விட்டதும் முட்டை முட்டையாக வந்தது.

கடைக்குப் போனேன். முதலில் "அண்ணே, நீங்க ஓவர்லோடு ஏத்திருப்பீங்க" என்றார்கள். எடைமேடைச் சீட்டைக் காட்டியதும் "சைனா மால்ணே, கேரண்டி கிடையாது" என்று பேச்சு மாறியது. டப்பாவைத் திறந்து மேஜை மேல் வைத்ததும் முதலாளி போன் வந்த மாதிரி வெளியே போய்விட்டார். கையில் இருந்தது எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி எண் இல்லை. ஆனாலும் ரிப்பீட்டர், மெட்டல் வால்வு, 1 வருடம் கேரண்டி என்று அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது, பணம் ஜிபேயில் போயிருக்கிறது.

நீங்கள் மாட்டப் போனால், காசு கொடுப்பதற்கு முன் டிரெய்லரைக் கோர்த்து, இன்ஜினை ஓட விட்டு, கடைசி டயரின் சென்சாரைக் கழற்றச் சொல்லுங்கள். கேபினில் கத்த வேண்டும். கத்தவில்லை என்றால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். ரிப்பீட்டர் டப்பாவைத் திறந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், திறக்கக்கூடாது என்று சொன்னால் வயரைப் பிடுங்கிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் டிரெய்லர் எண் போக வேண்டும், இல்லை சிக்னல் போன அலாரம் கத்த வேண்டும். அலாரம் அளவை உங்கள் கண் முன்னால் மாற்றச் சொல்லுங்கள். காற்று காலையில் வண்டி எடுக்கும் முன் பிடியுங்கள், நம்ம ஊர் வெயிலில் ஓடின டயரில் 10 டிகிரி சூடு ஏறினாலே 90-க்கு மூன்று, மூன்றரை பிஎஸ்ஐ கூடிக் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள்.

புகார் பற்றி ஒன்று. தொழிலுக்கு வாங்கியது நுகர்வோர் வழக்கில் நிற்காது என்று கடையில் சட்டம் பேசினார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்தமாக உழைத்துப் பிழைக்க வாங்கியதை வணிக நோக்கம் என்று எடுக்கக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. வண்டியை நீங்களே ஓட்டினால் தைரியமாகப் போங்கள். 2 வருடத்துக்குள் போட வேண்டும், பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. நான் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்தேன், அடுத்தது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களே, சிவப்பு லைட் எரிகிற கறுப்பு டப்பா உங்கள் வண்டியிலும் ஒட்டியிருந்தால் இன்றைக்கே திறந்து பாருங்கள். உள்ளே ரிலே இருந்தால் போட்டோவோடு எனக்குச் சொல்லுங்கள், என் புகாரோடு சேர்த்தே கொடுக்கலாம்.