கெந்திங் கேபிள் காரா, லங்காவி கேபிள் காரா? அம்மாவோடு இரண்டிலும் ஏறிய அனுபவம்

பள்ளி விடுமுறை நெருங்கினால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடிக்கும் பேச்சு தொடங்கிவிடும், அது கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான்: கேபிள் கார் ஏற கெந்திங் மலைக்குப் போவதா, லங்காவித் தீவுக்குப் போவதா? நான் இரண்டிலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏறியிருக்கிறேன். அம்மாவுக்கு வயது 68. நாற்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர், முட்டிவலி உண்டு, உயரத்துக்குப் பயம் கிடையாது. அதனால் நான் எழுதுவது வயதானவர்களையும் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போகிறவர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

முதலில் கெந்திங். நாங்கள் ஏறியது அவானா ஸ்கைவே, 2016 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. கோதோங் ஜெயாவிலிருந்து 1997-இல் ஓட ஆரம்பித்த பழைய ஸ்கைவே வேறு தடம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவானா தடம் 2.8 கிலோமீட்டர், ஒரு பெட்டியில் 10 பேர் உட்காரலாம், சுமார் 10 நிமிடத்தில் மேலே கொண்டுபோய் பேரங்காடிக்குள்ளேயே இறக்கிவிடும். வழியில் சின் சுவீ கோயில் நிலையத்தில் இறங்கி, ஒன்பது அடுக்குப் பகோடாவையும் பெரிய புத்தர் சிலையையும் பார்த்துவிட்டு மறுபடி ஏறலாம். எங்களோடு வந்த பெரியவர்கள் மேலே உள்ள கடைகளைவிட அந்தக் கோயிலில்தான் அதிக நேரம் நின்றார்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே வகைக் கேபிள் கார்தான். ஒரே இரும்பு வடம் பெட்டியைத் தாங்கவும் செய்கிறது, இழுக்கவும் செய்கிறது. வடம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், நிலையத்துக்குள் நுழைந்ததும் பெட்டியின் பிடி வடத்தை விட்டுவிடும், அதன்பின் மேலே வரிசையாக இருக்கும் சின்ன டயர்கள்தான் பெட்டியை மெதுவாக நகர்த்திக்கொண்டு போகும். கிளம்பும்போது திரும்பவும் வடத்தைக் கவ்விக்கொள்ளும், அந்த நேரத்தில் சட்டென்று ஓர் இழுப்பு வரும், முதல் தடவை ஏறுகிறவர்கள் அதில்தான் பயந்துபோகிறார்கள். இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பெட்டி நமக்காக முழுசாக நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும்போதுதான் ஏற வேண்டும். அம்மா ஒரு காலை உள்ளே வைத்ததும் மற்றக் காலின் செருப்பு வெளியே தங்கிவிட்டது. அங்கே வேலை செய்யும் பையன் குனிந்து எடுத்து, கதவு மூடுமுன் கையில் கொடுத்துவிட்டான். முட்டிவலி உள்ளவர்கள் இருந்தால் வரிசையில் நிற்கும்போதே பணியாளரிடம் சொல்லிவிடுங்கள், பின்பக்கம் பட்டை வைத்த செருப்போ சப்பாத்தோ போட்டுக் கூட்டிப்போங்கள்.

கெந்திங்கில் கண்ணாடித் தரைப் பெட்டியும் உண்டு, விலை கூடுதல். நாங்கள் அதற்குத்தான் காசு கட்டினோம். பாதி வழியில் பனிமூட்டம் வந்து மூடிக்கொண்டது, காலுக்குக் கீழே வெள்ளை வேட்டி விரித்த மாதிரி, வேறு ஒன்றும் தெரியவில்லை. அந்த மலை உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர், மத்தியானத்துக்குமேல் மேகம் இறங்குவது அங்கே சாதாரணம். கண்ணாடித் தரைதான் வேண்டும் என்றால் காலையிலேயே போங்கள், மதியம் போகிறவர்களுக்குச் சாதாரணப் பெட்டி போதும். மூட்டம் வருவதற்கு முன்னால் ஒரு நாலைந்து நிமிடம் காடு நன்றாகத் தெரிந்தது. அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தன வருஷமா மரத்த இடுப்புக்குக் கீழதான்டா பாத்திருக்கேன், உச்சி இப்படியா இருக்கும்?" என்றார். நான் அந்தக் காசைப் பற்றி அப்புறம் யோசிக்கவே இல்லை.

லங்காவி சமாசாரமே வேறு. ஸ்கைகேப் 2002-லிருந்து ஓடுகிறது, மாட் சின்சாங் மலைமேல். மொத்தம் 2.2 கிலோமீட்டர், கெந்திங்கைவிடக் குறைவுதான், உச்சி நிலையமும் 708 மீட்டர்தான். எண்ணை மட்டும் பார்த்து லேசாக எடைபோட்டுவிடாதீர்கள். கீழ் நிலையத்திலிருந்து நடு நிலையம் போகும் வழியில் சுமார் 950 மீட்டர் தூரத்துக்கு இடையில் ஒரு கம்பமும் கிடையாது, வடம் அந்தரத்தில் தொங்குகிறது, சரிவு 42 பாகை வரை போகிறது. கெந்திங்கில் கம்பத்துக்குக் கம்பம் தடதடவென்று ஒரு சத்தம் வரும், அது ஒரு தைரியம். இங்கே அந்தச் சத்தமே இல்லாமல் பெட்டி செங்குத்துப் பாறையை நோக்கி ஏறிக்கொண்டே போகும். ஒரு பெட்டிக்கு ஆறு பேர்தான், காற்றடித்தால் ஆட்டம் தெரியும். என் மனைவி என் முழங்கையைப் பிடித்தவள் நடு நிலையம் வரை விடவில்லை.

ஆனால் காட்சி என்றால் இதுதான் காட்சி. ஒரு பக்கம் ஏழு கிணற்று நீர்வீழ்ச்சி பாறையில் வெள்ளைக் கோடாக இறங்குகிறது, இன்னொரு பக்கம் கடல், வானம் தெளிவாக இருந்தால் தாய்லாந்துத் தீவுகள் வரை தெரியும். அந்தப் பாறை 50 கோடி வருடத்துக்கும் பழையது, 2007-இல் லங்காவிக்கு யுனெஸ்கோ ஜியோபார்க் அங்கீகாரம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். மேலே 125 மீட்டர் நீளத்தில் வளைந்த தொங்கும் பாலம் ஒன்று இருக்கிறது, ஒரே தூண்தான் முழுப் பாலத்தையும் தாங்குகிறது. அதற்குப் போகப் படிகள் அதிகம். முட்டி முடியாதவர்களுக்குச் சரிவில் ஓடும் சின்ன லிஃப்ட் உண்டு, அதற்குத் தனி டிக்கெட். அம்மாவை அதில்தான் அழைத்துப்போனேன், அந்தக் காசில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனி செலவும் அலைச்சலும். நம் ஊரிலிருந்து கெந்திங் வேனில் மூன்று மணி நேரத்துக்கு மேல், விடியற்காலையில் கிளம்பினால் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். லங்காவி என்றால் கோலா பெர்லிஸ் வரை வேன், அங்கிருந்து ஃபெரி, குவாவில் இறங்கி மறுபடி வண்டி பிடிக்க வேண்டும், ஓர் இரவு தங்காமல் முடியாது. நாங்கள் பேசி வைத்த வேன்காரர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து முதல் ஃபெரியைத் தவறவிட்டோம், அதோடு அன்றைய கேபிள் காரும் போச்சு. மறுநாள் காலையில்தான் ஏறினோம். காற்றோ மின்னலோ வந்தாலும் நிறுத்திவிடுவார்கள், அது பாதுகாப்புக்குத்தான், குறைசொல்ல முடியாது. அதனால் லங்காவிக்குப் போகிறவர்கள் கேபிள் காரை முதல் நாளிலேயே வையுங்கள், அன்றைக்கு ஓடவில்லை என்றாலும் கையில் இன்னொரு காலை இருக்கும். மைகார்டு (அடையாள அட்டை) மறக்காதீர்கள், உள்ளூர்க்காரர்களுக்கு விலை குறைவு.

பினாங்கு கொடிமலையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 1923 முதல் அங்கே ஓடுவது தண்டவாளத்தில் ஏறும் ரயில், அது வேறு சுகம்.

என் தீர்ப்பு: கைக்குழந்தை, பாட்டி தாத்தா, பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே நாள் என்றால் யோசிக்காமல் கெந்திங், சாதாரணப் பெட்டி, காலை நேரம். இரண்டு நாள் ஒதுக்க முடியும், உயரத்துக்கு யாரும் பயப்பட மாட்டார்கள் என்றால் லங்காவி, அதற்கு ஈடே இல்லை. அடுத்த விடுமுறைக்கு எங்கே என்று போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். "அந்தக் கம்பமே இல்லாத எடத்துக்குப் போவோம், இந்தத் தடவ சித்தியையும் கூட்டிக்கலாம்" என்றார். இப்போது வேறொரு வேன்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.