மோல்மீன் டு காரைக்குடி 3 மணி 12 நிமிஷமாம்!

இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் தூரமும் விமான நேரமும் சொல்லும் ஆப் ஒன்றை என் அத்தை மகன் போனில் ஏற்றிக் கொடுத்தான். பெயர் வேண்டாம், இந்த மாதிரி ஆப்கள் பலவும் ஒரே லட்சணம்தான். 5க்கு 2 கொடுக்கிறேன், அந்த 2 ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பர்மாவில் நாங்கள் இருக்கும் மோல்மீன், தமிழ்நாட்டில் காரைக்குடி என்று தட்டினேன். 2,160 கிலோமீட்டர், 3 மணி 12 நிமிடம் என்று வந்தது. அத்தைக்கு ஒரே சந்தோஷம், "காலையில மொஹிங்கா (பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்டுக் கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க இருக்கலாம்" என்றார். காரைக்குடியில் இறங்கப் பயணிகள் விமானமே கிடையாது, திருச்சியிலோ மதுரையிலோ இறங்கிக் கார் பிடிக்க வேண்டும் என்பது ஆப்புக்குத் தெரியாது.

நாலைந்து ஊர்களைப் போட்டுப் பார்த்ததில் சூட்சுமம் பிடிபட்டது. நேர்கோட்டுத் தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி கூட்டுகிறது, அவ்வளவுதான். மோல்மீன்–ரங்கூன் 165 கிலோமீட்டர், 42 நிமிடம் என்கிறது, ஏனென்றால் அது மார்த்தபான் வளைகுடாவின் மேலேயே கோடு இழுத்துவிடுகிறது. நம் பஸ் தட்டோன், பெகு என்று கரையைச் சுற்றிக்கொண்டு சுமார் 300 கிலோமீட்டர் போக வேண்டும், எனக்கு ஏழு மணி நேரம் ஆனது. 2005இல் சல்வீன் நதிப் பாலம் திறப்பதற்கு முன்னால் எதிர்க்கரை மார்த்தபானுக்குப் படகில் போய்த்தான் ரயிலேற வேண்டும் என்று அத்தை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்புறம் ரங்கூனில் ஒரு ராத்திரி தங்கல், மறுநாள் கோலாலம்பூர் வழியாகத் திருச்சி. இந்த வழியில் ஆகாயத்தில் மட்டும் 4,380 கிலோமீட்டர், அதாவது ஆப் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. தெற்கே மலேசியா வரை இறங்கி, மறுபடி வடமேற்கே ஏறி வருகிறோம், மூக்கைச் சுற்றித் தொடுகிற கதை. கடிகாரக் குழப்பம் வேறு. மலேசியா பர்மாவைவிட ஒன்றரை மணி முன்னால், இந்தியா பர்மாவைவிட ஒரு மணி பின்னால். டிக்கெட்டில் கோலாலம்பூரில் இரவு 8.30க்குக் கிளம்பி 9.50க்குத் திருச்சி என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு அத்தை சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உண்மையில் அது 3 மணி 50 நிமிடம். பாதி வழியில் பசி வந்து, பைக்குள் கைவிட்டால் அங்கே பலாச்சாங் (காய்ந்த இறால் வறுவல்) பாட்டில் மூடி தளர்ந்து எண்ணெய் கசிந்திருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார், பாவம்.

வீட்டைப் பூட்டியதிலிருந்து காரைக்குடி வாசல்படி வரை 41 மணி நேரம்.

சரி, 2 மதிப்பெண் எதற்கு? டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக இதில் போட்டுக் கூட்டிப் பாருங்கள், எந்த வழியில் எவ்வளவு சுற்று என்று பளிச்சென்று தெரியும். ரங்கூன்–பாங்காக்–சென்னை 2,840 கிலோமீட்டர்தான் வருகிறது, அங்கிருந்து ராத்திரி ரயிலில் படுத்துக்கொண்டால் விடிவதற்குள் காரைக்குடி. இதை நான் ஊருக்குப் போன பிறகுதான் போட்டுப் பார்த்தேன், அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.