இரண்டு வேலூர்க் கோடைகளும் ஒரு கம்பியில்லா ஹெட்போனும்

முப்பதாயிரம் ரூபாயை நெருங்கும் விலையில் விற்கப்படும் கம்பியில்லா ஹெட்போன்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே, அதுவும் குளிரூட்டிய அறையில் அமர்ந்து எழுதப்படுபவை. ஒலி எவ்வளவு துல்லியம், பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதையெல்லாம் அவற்றிலேயே படித்துக்கொள்ளலாம். காட்பாடி காந்தி நகரில் வீட்டிலிருந்தபடி பெங்களூரு நிறுவனமொன்றுக்கு வேலை செய்துகொண்டு, மாதத்தில் சில நாள் ரயிலேறி அலுவலகம் போய்வரும் ஒருவனிடம் அந்தப் பொருள் இரண்டு கோடைகளைக் கடந்தபின் என்ன ஆகிறது என்பதையே இங்கே சொல்ல வருகிறேன். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட பொருளைக் காது சோதிப்பதற்கு முன்பே வியர்வை சோதித்துவிடுகிறது. தயாரித்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இங்கே வரும் குறைகளில் பெரும்பாலானவை, காதை முழுதும் மூடும் இந்த வகை ஹெட்போன்கள் அனைத்துக்கும் ஏறத்தாழப் பொதுவானவை.

நான் இதை வாங்கியது இரைச்சல் நீக்கத்துக்காக. வெளிப்புறத்தில் உள்ள சிறு மைக்குகள் சுற்றுப்புற ஒலியைப் பிடிக்க, உள்ளே இருக்கும் சில்லு அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கிக் காதுக்குள் செலுத்த, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. யோசனை பழையது. பால் லூக் என்ற ஜெர்மானியர் இதற்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1978-ல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்த, போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ், விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலை மீறி இசை கேட்க முடியாமல் போகவே, அந்தப் பயணத்திலேயே இதற்கான கணக்குகளைப் போடத் தொடங்கினார். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது 1989-ல் விற்பனைக்கு வந்தது. ஆக, ஒரே சீராக உறுமும் எஞ்சின் ஒலியை மனத்தில் வைத்துப் பிறந்த நுட்பம் இது. எது அடங்கும், எது அடங்காது என்பதை இந்தப் பிறப்பிலிருந்தே ஊகித்துவிடலாம்.

நூறு ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 3.4 மீட்டர், 3,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது 11 சென்டிமீட்டர்தான். அலை குறுகக் குறுக, எதிர் அலை வந்து சேர்வதில் நேரும் மிகச் சிறிய தாமதம்கூடக் கணக்கைக் கெடுத்துவிடுகிறது. எனவே ஏர்கூலரின் இரைச்சலும், லால்பாக் எக்ஸ்பிரஸ் பெட்டியின் தொடர்ந்த உறுமலும், நெடுஞ்சாலையில் போகும் பேருந்தின் எஞ்சினும் விசையை அழுத்திய கணத்தில் காணாமற்போகின்றன. குக்கர் விசிலும், ஆட்டோ ஹாரனும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகையும் கொஞ்சம் மெலிகின்றனவே தவிரப் போவதில்லை. ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு கூழ் வார்க்கும்போது கட்டப்படும் ஒலிபெருக்கிதான் இதற்குச் சரியான பரீட்சை: அடித்தளத் தாளம் முழுதும் அடங்கிப்போக, பாடகியின் குரல் மட்டும் தனியே பிரிந்து முன்னைவிடத் தெளிவாக வந்து நிற்கும். விலையுயர்ந்த ஹெட்போன் வாங்கினால் அம்மன் பாட்டிலிருந்து தப்பிக்கலாம் என்று எண்ணுபவர்கள் இதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

ஆனாலும் இந்த வசதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரயில் இரைச்சலுக்கு மேலே பேச்சு கேட்க வேண்டும் என்று சாதாரண இயர்போனில் ஒலியளவை உச்சிக்கு ஏற்றும் தேவை இதில் இல்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்ற அளவுக்குள் கேட்பதே பாதுகாப்பு என உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. நாள் முழுதும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு பிழைக்க வேண்டியவர்களுக்கு, சுற்றுப்புறத்தை அடக்கிவிட்டுக் குறைந்த ஒலியில் கேட்க முடிவதே இந்தப் பொருளின் மெய்யான பயன் என்று கருதுகிறேன். தொடக்கத்தில் சிலருக்குக் காதடைத்தது போன்ற உணர்வு வரும். எனக்கும் இருந்தது, போகப்போகப் பழகிவிட்டது.

மதிப்புரைகளில் நான் எங்கும் காணாத ஒரு விநோதம், மின்விசிறி. இரைச்சலைப் பிடிக்க வெளியே வைத்திருக்கும் அந்த மைக்குகளின்மேல் நேரடியாகக் காற்று வீசினால், கருவி அதையும் ஒலியென்று எண்ணிக்கொண்டு உள்ளே ஒரு படபடப்பை உண்டாக்குகிறது. கடற்கரைக் காற்றைப் பற்றித்தான் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். மே மாதத்தில் மேசை விசிறியைத் தலைக்கு நேராக வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவரை அவர்கள் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. செயலியில் காற்றிரைச்சலைக் குறைக்கும் அமைப்பு உண்டு. அதைப் போட்டால் படபடப்பு நிற்கும், கூடவே இரைச்சல் நீக்கத்தின் வலுவும் குறையும். விசிறியைப் பக்கவாட்டில் வைக்காமல் முதுகுப் பக்கம், தோளுக்குக் கீழே திருப்பி வைத்ததே எனக்குச் சரிப்பட்ட தீர்வு.

அடுத்தது தொடுதிரை போன்ற வலப்பக்கக் கிண்ணம். மேலே வருடினால் ஒலி கூடும், முன்னே வருடினால் அடுத்த பாட்டு, இருமுறை தட்டினால் நிற்கும் என்பதெல்லாம் உலர்ந்த விரலுக்கு உரிய இலக்கணம். விரல் பட்டதும் நேரும் சிறு மின்மாற்றத்தை உணர்ந்து வேலை செய்யும் பரப்பு என்பதால் வியர்வையையும் அது விரலாகவே எடுத்துக்கொள்கிறது. நெற்றியைத் துடைக்கத் துண்டை எடுத்தால், ஈரமான துண்டின் முனை பட்டுக் கூட்டத்தின் நடுவே ஒலி பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். தொடு வசதியை முழுதும் அணைத்துவிட்டு, இருக்கும் இரண்டு பொத்தான்களோடும் கைப்பேசியோடும் காலம் தள்ளுகிறேன். பொத்தான்களே போதும் என்று பிடிவாதமாக இருக்கும் தயாரிப்பாளர்கள் சிலர் இன்றும் உண்டு; நம் தட்பவெப்பத்துக்கு அவர்களே நண்பர்கள்.

பேச்சை உணர்ந்து இசையைத் தானே நிறுத்தும் வசதியும் இப்படித்தான். இருமினால் நிற்கும், பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தால் நிற்கும். கழற்றினால் நின்று மாட்டினால் தொடரும் உணரியோ, கழுத்தில் தொங்கவிட்டால் தாடையைக் காதென்று கருதி மறுபடி பாடத் தொடங்கும். மாறாக, வெளியொலியை உள்ளே விடும் அமைப்பு நான் எதிர்பார்க்காத அளவுக்குப் பயன்பட்டது. சி.எம்.சி. மருத்துவமனையில் அம்மாவுக்குத் துணையாகக் காத்திருக்கும் நேரங்களில், பெயர் அழைப்பதும் கேட்க வேண்டும், கையிலுள்ள வேலையும் நடக்க வேண்டும் என்ற நிலையில் அதைப்போல் உதவும் வசதி வேறில்லை.

இனி, காதுமெத்தை. இரண்டாம் கோடை தொடங்கும்போதே மெத்தையின் மேலுறை செதில் செதிலாக உரிந்து, கறுப்புத் துணுக்குகள் காது மடலிலும் சட்டைக் கழுத்துப்பட்டியிலும் ஒட்டத் தொடங்கின. விளம்பரம் இதை மென்மையான தோல் என்றுதான் வருணித்தது. ஆம்பூர் ஷூ தொழிற்சாலையில் நீண்ட காலம் வேலை பார்த்த என் மாமா அதை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்துவிட்டு, “இது தோலே இல்ல மாப்ள, ரெக்சின். துணி மேல பூசின பூச்சு. வேர்வ பட்டா உரியத்தான் செய்யும்” என்றார். பாலியூரித்தேன் பூச்சை ஈரமும் வெப்பமும் சேர்ந்து சிறுகச் சிறுகச் சிதைக்கின்றன என்பது வேதியியலும் ஒப்புக்கொள்ளும் உண்மை. பயன்படுத்தாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் இந்தச் சிதைவு முற்றாக நிற்பதில்லை. தலையெண்ணெயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் தோலுக்குப் பேர்போன ஊர்களாக இருக்க, ரெக்சின் உரிந்துவிட்டதென்று கையைக் கட்டிக்கொண்டிருக்க மாமாவுக்கு மனம் வரவில்லை. ஷூவின் உட்புறத்தில் வைக்கும் மெல்லிய ஆட்டு லைனிங் தோலை வெட்டி, பழைய நுரை மெத்தையின்மேல் இழுத்துத் தைத்துத் தரச் சொல்லி, தம் பழைய கூட்டாளி ஒருவரிடம் கொடுத்தார். வந்து சேர்ந்த வேலைப்பாடு நிறுவனத்தின் மெத்தையைவிடப் பார்க்க நேர்த்தியாகவே இருந்தது. தோல் வியர்வையை உறிஞ்சிக்கொள்வதால் காதைச் சுற்றி வழுவழுப்பு இல்லை; மதியம் இரண்டு மணிக்குக்கூடத் தொடர்ந்து அணிந்திருக்க முடிந்தது. ஆனால் கருவி அதை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. காதுமெத்தையின் தடிமன், நுரையின் இறுக்கம், தலையோடு அது பொருந்தும் விதம் ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் கொண்டுதான் உள்ளேயிருக்கும் மைக்கும் சில்லும் அளவிடப்பட்டிருக்கின்றன. தையல் விளிம்பில் முடியளவு இடைவெளி இருந்தாலும் அடித்தள ஒலி கசிந்துபோகிறது, கூலரின் இரைச்சல் லேசாகத் தலைகாட்டுகிறது. கண்ணாடி அணிபவர்களுக்கு அதன் காம்பு இதே கசிவை ஏற்படுத்துவதை அனுபவத்தில் அறிந்திருப்பார்கள்.

ஆகவே இப்போது என்னிடம் இரண்டு இணைகள் உள்ளன. ரயிலுக்கும் பேருந்துக்கும் நிறுவனத்தின் அசல் மாற்று மெத்தை. வீட்டு வேலைக்கு ஆம்பூர்த் தோல். கழற்றி மாட்டுவது கொஞ்சம் நகவேலை என்றாலும் கருவி எதுவும் தேவைப்படுவதில்லை. வாங்குவதற்கு முன் ஒலித்தரத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் அதற்கு முன்பாக, மெத்தை தனியே கழலுமா, மாற்று மெத்தை இந்தியாவில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். வேலூரில் அது ஆண்டுச் செலவு.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, நன்றாகவே இருக்கிறது. கடையிலிருந்து வரும்போது அடித்தளம் தூக்கலாக அமைக்கப்பட்டிருக்கும். திரையிசைக்கு அது பொருந்தினாலும், எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துப் பதிவுகளைக் கேட்கும்போது மிருதங்கம் முன்னேறி வந்து, முகவீணை என்ற சிறு ஊதுகருவியை அமுக்கிவிடுகிறது. செயலியில் தாழ்ந்த அதிர்வெண்களைச் சிறிது குறைத்து, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் ஏற்றியபின்தான் முகவீணையின் கூர்மை உரிய இடத்துக்கு வந்தது. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் எல்.டி.ஏ.சி. என்ற குறியீட்டு முறை நொடிக்கு 990 கிலோபிட் வரை செல்லும் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்தாலும், ஐபோனில் அது இயங்காது. யூடியூபில் கேட்பவருக்கோ மூலமே அதில் சிறு பங்குதான் என்பதால், அந்த எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை.

அழைப்புகளில்தான் விலைக்கும் தரத்துக்கும் இடையே பெரிய பள்ளம். மடிக்கணினியில் ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும், ப்ளூடூத் இசைக்கான பாதையை விட்டுப் பேச்சுக்கான பாதைக்கு மாறிக்கொள்கிறது. அதுவரை விரிந்து கேட்ட ஒலி சட்டென்று ஒற்றைத் தடமாகச் சுருங்கி, பழைய டிரங்க் கால் பேசுவதுபோல் ஆகிவிடும். பலர் இதைப் பழுதென்று எண்ணிக் கடைக்குத் தூக்கிப் போகிறார்கள். கூட்டச் செயலியின் அமைப்பில் மைக்கிற்கு மட்டும் மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கேட்கும் ஒலி குன்றாது. ஒரே நேரத்தில் இரு கருவிகளோடு இணையும் வசதியும் இதுபோல் பாதி வரம்: கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது மடிக்கணினியில் ஒரு மின்னஞ்சல் மணி அடித்தால், பேச்சு ஒரு கணம் அறுபட்டுத் திரும்புகிறது. மடிக்கணினியின் அறிவிப்பு ஒலிகளை ஒட்டுமொத்தமாக அணைத்துவிட்டேன்.

மின்கலத்தைப் பொறுத்தவரை, புதிதில் ஒரு வாரம் தாங்கியது இப்போது வேலை நாள்கள் முடிவதற்குள் ஒருமுறை கூடுதலாக சார்ஜ் கேட்கிறது. லித்தியம் அயனி மின்கலத்துக்கு வெப்பமே முதல் பகை. சுற்றுப்புறம் 35 டிகிரிக்குள் இருக்கும்போது சார்ஜ் போடும்படி கையேடு சொல்கிறது; கத்திரி வெயிலில் 40 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும் ஊரில், அதை விடியற்காலை வேலையாக வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போவதை அறவே தவிர்க்க வேண்டும். சார்ஜ் தீர்ந்துபோனால் கம்பியைச் செருகிக் கேட்கலாம் என்பது ஆறுதல்தான். ஆனால் மின்சாரம் இல்லாத நிலையில் ஒலி மங்கலாக, உயிரற்றுக் கேட்கும்.

அண்மையில் இடப்பக்கக் கீலில் மயிரிழை போல ஒரு விரிசல் தென்பட்டது. ஓராண்டு உத்தரவாதம் முடிந்துவிட்ட நிலையில், பழுதுபார்ப்பு மையம் பாகத்தை மட்டும் மாற்றித் தர முன்வரவில்லை. பழையதைக் கொடுத்துப் புதியதைத் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளச் சொன்னது, அந்தத் தள்ளுபடி விலையோ பண்டிகைக்கால இணைய விற்பனையின் விலையைவிட அதிகம். காட்பாடி சாலையில் கைப்பேசி பழுதுபார்க்கும் ஒருவர், விரிசலின் குறுக்கே சிறு உலோகத் தகடு ஒன்றைப் பதித்து ஒட்டிக் கொடுத்திருக்கிறார். தகடு இருக்கும்வரை அந்தப் பக்கம் மடங்காது என்பதால், மடக்கி வைக்கும் அசல் உறை பயனற்றுப்போயிற்று. தட்டையாக வைக்கும் அகலமான உறை ஒன்றை வாங்கிக்கொண்டேன்.