கையில் ஏறுமா? பச்சோந்தியோடு மூன்றரை வருடம்

மாறன் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்றரை வருடம் ஆகிறது. வெயில்டு கமீலியன் என்ற பச்சோந்தி இனம். ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும்தான் இதன் பூர்வீகம். நாங்கள் இருப்பது டொராண்டோவில். வளர்ப்பிலேயே பிறந்த மூன்று மாதக் குட்டியாக வாங்கினோம். இப்போது கொண்டை உயர்ந்து, வாலோடு சேர்த்து ஒன்றரை அடி இருக்கிறான்.

வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்கும் கேள்வி, "கையில் எடுக்கலாமா?" என்பதுதான். நாமாக எடுக்கக் கூடாது, அவனாக ஏற வேண்டும். இது எனக்குப் புரியவே பல மாதங்கள் ஆயின.

தினமும் எடுத்தால் பழகிவிடும் என்று ஆரம்பத்தில் நம்பினேன். கூண்டுக்குள் மேலிருந்து கையை விடுவேன். அவன் கறுத்துப்போய், தொண்டையை உப்பி, வாயைத் திறந்து சீறுவான். அப்படியும் விடாமல் எடுத்தேன். இரண்டு வாரத்தில் என் எதிரில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டான். ஒரு மாலை இடுப்பைப் பிடித்துக் கிளையிலிருந்து இழுத்தபோது பின்னங்கால் நகம் ஒன்று பிய்ந்து ரத்தம் வந்துவிட்டது. கால்சியம் குறைந்த பச்சோந்தியாக இருந்தால் இப்படி இழுப்பதில் எலும்பே முறிந்திருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காட்டில் இதற்கு ஆபத்து பெரும்பாலும் மேலிருந்து, பறவை வடிவில் வரும். மேலிருந்து இறங்கும் கையும் அதன் கண்ணுக்குப் பறவைதான். பாதத்தைப் பாருங்கள்: விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி, இடுக்கி போல எதிரெதிரே இருக்கும். போதாக்குறைக்கு வாலும் கிளையைச் சுற்றியிருக்கும். அந்தப் பிடியை நாம் பிரித்தெடுக்கக் கூடாது.

அப்புறம் ஒரு மாதம் தொடவே இல்லை. காலையில் இலைகளுக்குத் தண்ணீர் தெளித்ததும் கதவைத் திறந்து, அவன் முகவாய்க்குக் கீழே ஒரு பட்டுப்புழுவை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முதல் பத்து நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் இரண்டு கண்ணும் ஒன்றாகப் புழுவைக் குறிவைத்தன, நாக்கு வந்து போனது. அதற்கு மூன்று வாரம் கழித்து, புழு இல்லாமல் வெறும் கையைக் கிளை மாதிரி அவன் முன் வைத்தேன். முன்காலை நீட்டி என் ஆள்காட்டி விரலைத் தொட்டான், இழுத்துக்கொண்டான். காற்றில் இலை ஆடுவது போல முன்னும் பின்னும் ஆடினான். மறுபடி நீட்டினான். பிடி மெல்ல இறுகியது. நகம் குத்தியது, ஆனால் வலிக்கவில்லை. ஒரு கண் என் முகத்தின் மேல், இன்னொன்று ஜன்னல் பக்கம். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன்.

இப்போது வாரத்துக்கு இரண்டு முறை, பத்து நிமிடத்துக்குள். கூண்டிலிருந்து ஹாலில் இருக்கும் பெரிய செடிக்குப் போக என் கை ஒரு பாலம், அவ்வளவுதான். குளிர்காலத்தில் அதையும் குறைத்துவிடுவேன். சாப்பிட்டது செரிக்க அவனுக்கு விளக்கின் சூடு வேண்டும், அறைக்காற்றின் குளிர்ச்சி ஆகாது. இரவிலும் தோல் உரிக்கும்போதும் எடுப்பதே இல்லை.

நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தெளிந்த பச்சை என்றால் சரி. கறுத்து, உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கினால் அந்த நிமிடமே கிளையில் விட்டுவிடுங்கள். பகலில் கையில் கண்ணை மூடிக்கொண்டால், "சுகமாகத் தூங்குகிறான்" என்று என் மகள் சந்தோஷப்படுவாள். அது சுகம் இல்லை. பகலில் கண் மூடுவது பயத்தையோ நோயையோ காட்டும். தடவிக்கொடுப்பதும் அவனுக்குப் பிடிக்காது. கை வந்தால் பயப்படாமல் இருக்கிறானே, எனக்கு அது போதும்.

பழக்கி வைத்ததன் பலன் வேறு இடத்தில் தெரிகிறது. வாரம் ஒருமுறை ஒரு குச்சியில் ஏற்றி, குச்சியோடு தராசில் வைத்து எடை பார்க்கிறேன். போன வருடம் பத்து கிராம் குறைந்ததை அப்படித்தான் சீக்கிரமே கண்டுபிடித்தேன். மருத்துவரிடம் கொண்டுபோகும்போதும் போராட்டம் இல்லை. தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுவது கட்டாயம், சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தொடவே வேண்டாம்.

மடியில் வைத்துக் கொஞ்ச ஒரு பிராணி வேண்டும் என்றால் பச்சோந்தி வாங்காதீர்கள். பியர்டெட் டிராகன் என்ற பல்லி வகை அதற்கு எவ்வளவோ பொருத்தம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. நம்மூர்ப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, பிடித்து வளர்ப்பது குற்றம். சாலையைக் கடக்கும்போது கண்ணில் பட்டால் முன்னால் ஒரு குச்சியை நீட்டிப் பொறுமையாக நில்லுங்கள், ஏறிக்கொள்ளும். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ, அந்தப் பக்கத்துப் புதரில் விட்டுவிடுங்கள்.